ரோபோ வெல்டிங்கா, கை வெல்டிங்கா: குறை விகிதத்தை ஒப்பிடும் முன் யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம்

ஒரகடம் பக்கம் இருசக்கர வாகனங்களுக்கு வெல்டிங் பாகங்கள் செய்து கொடுக்கும் ஒரு தொழிற்சாலையின் தரப் பிரிவில் வேலை செய்தபோது, "ரோபோ குறை 1 சதவீதம், கை வெல்டிங் குறை 2.8 சதவீதம்" என்ற ஒற்றை வரிக்கு வாடிக்கையாளர் முன் நின்று விளக்கம் சொல்லும் பொறுப்பு என்மேல் வந்து விழுந்தது. அந்த வரியை எழுதியவர்கள் அப்போது வேறு பிரிவுக்குப் போய்விட்டார்கள். அதை நம்பி 30 லட்சத்துக்கு மேல் போட்டு இரண்டாவது ரோபோ செல் (ரோபோவுக்கான தனி வெல்டிங் இடம்) வாங்கியாகிவிட்டது. ஒப்பந்த வெல்டர்களில் பாதிப் பேருக்குக் கணக்கு முடித்து அனுப்பியாகிவிட்டது. அதன் பிறகுதான் வாடிக்கையாளரின் அசெம்பிளி லைனில் ஒரு பைப் ஜாயின்ட் பிரிந்தது. அங்கே கிடந்த இருப்பு முழுவதையும் பொறுக்கிப் பார்க்க ஆள் கூலி, மாற்றுச் சரக்கு அனுப்பிய வண்டி வாடகை, கடைசியாக நஷ்டத்தை எங்கள் கணக்கில் பிடித்து வாடிக்கையாளர் அனுப்பிய டெபிட் நோட் எல்லாம் சேர்த்து ஆறேழு லட்சம் போனது. பணத்தைவிட எனக்கு உறுத்தலாக இருந்தது, ஒரு கணக்கின் பேரில் வேலை இழந்தவர்கள் அந்தக் கணக்கை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை என்பதுதான். கேட்டுத் தெளிய ஆளில்லாமல் தனியாக உட்கார்ந்து அதைப் பிரித்துப் பார்த்ததில் கிடைத்ததை எழுதுகிறேன். இதே ஒப்பீட்டைச் செய்யச் சொல்லி உங்களிடமும் யாராவது ஒரு நாள் ஃபைலை நீட்டுவார்கள்.

முதலில் அந்த வரி எப்படி வந்தது என்று பார்ப்போம். கையாலேயே போட்டுப் பார்க்க வசதியாக எண்களை முழுசாக்கியிருக்கிறேன். விகிதங்களின் போக்கு மாறவில்லை. ரோபோ செய்தது 4,000 பீஸ், அதில் குறை 40. கையால் செய்தது 3,000 பீஸ், குறை 84. இரண்டு விகிதங்களை ஒப்பிடும் வழக்கமான சோதனை இதுதான்: மொத்தக் குறையை மொத்த பீஸால் வகுத்தால் 124/7,000, அதாவது 0.0177. அதை 0.9823-ஆல் பெருக்கி, 1/4,000-உம் 1/3,000-உம் கூட்டி வரும் 0.000583-ஆல் மறுபடி பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 0.0032. இரண்டு விகிதங்களுக்கும் இடைப்பட்ட வித்தியாசம் 0.018. அதை 0.0032-ஆல் வகுத்தால் 5.6 வருகிறது. இந்த இசட் மதிப்பு 1.96-ஐத் தாண்டினாலே "தற்செயல் அல்ல" என்று எழுதிவிடும் பழக்கம் நமக்கு. 5.6 வந்தால் யார் கேள்வி கேட்பார்கள்? மேனேஜ்மென்ட் கூட்டத்தில் யாரும் கேட்கவில்லை. கணக்கில் பிழையும் இல்லை. கணக்குக்குள் போன பீஸ்கள்தான் ஒரே மாதிரியானவை அல்ல.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். பானை ஒன்றாக இருந்தால்தான் அது சரி. இங்கே இரண்டு பானை. அந்த 4,000 ரோபோ பீஸ்களில் 3,600 தட்டையான சிறு பிராக்கெட். இரண்டு நேர் சீம் (வெல்டிங் போடும் இணைப்புக் கோடு), எட்டாத இடம் எதுவும் இல்லை. மீதி 400 மட்டும்தான் பைப்பும் தகடும் சேரும் கடினமான ஜாயின்ட். கை வெல்டிங்கில் இது தலைகீழ்: 600 பிராக்கெட், 2,400 பைப் ஜாயின்ட். பாகவாரியாகப் பிரித்தால், பிராக்கெட்டில் ரோபோவுக்கு 3,600-க்கு 22 குறை, 0.61 சதவீதம், கைக்கு 600-க்கு 3, 0.5 சதவீதம். பைப் ஜாயின்ட்டில் ரோபோவுக்கு 400-க்கு 18, 4.5 சதவீதம், கைக்கு 2,400-க்கு 81, 3.4 சதவீதம். இரண்டு பாகத்திலும் கைதான் குறைவு, மொத்தத்தில் மட்டும் ரோபோ குறைவு. இதைப் பார்த்த அன்றைக்கு எக்செல் ஷீட்டில்தான் ஏதோ தப்பு என்று நினைத்து, ஷிஃப்ட் ரிஜிஸ்டரிலிருந்து மறுபடி ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்த்தேன். தப்பு இல்லை. 1951-இல் எட்வர்ட் சிம்ப்சன் என்ற புள்ளியியலாளர் இப்படிப்பட்ட தலைகீழ் நிலையைப் பற்றி எழுதியதால் இதற்குச் சிம்ப்சன் முரண் என்று பெயர். 1973-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக மேற்படிப்புச் சேர்க்கையில் ஆண்களில் 44 சதவீதம், பெண்களில் 35 சதவீதம் பேருக்கு இடம் கிடைத்தது. துறைவாரியாகப் பிரித்தபோது பெண்களுக்கு எதிரான அந்தச் சாய்வு காணாமல் போனது. இடம் கிடைப்பது கடினமான துறைகளுக்குப் பெண்கள் அதிகம் விண்ணப்பித்திருந்தார்கள். நம் ஷாப்பில் கடினமான ஜாயின்ட் கை வெல்டருக்கே போகிறது. அங்கே நடந்ததுதான் இங்கேயும்.

இதைச் சரிசெய்யப் பெரிய மென்பொருள் வேண்டாம். இரண்டு தரப்பும் ஒரே கலவையைச் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று போட்டுப் பாருங்கள். மொத்தம் 4,200 பிராக்கெட், 2,800 பைப் ஜாயின்ட். ரோபோவின் விகிதத்தில் போட்டால் சுமார் 152 குறை, 7,000-க்கு 2.2 சதவீதம். கையின் விகிதத்தில் போட்டால் சுமார் 116, அதாவது 1.65 சதவீதம். இன்னும் முறையாகச் செய்ய வேண்டுமானால் பாகவாரி ஒப்பீடுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்க்க 1959-இல் மாண்டெலும் ஹேன்ஸலும் தந்த முறை இருக்கிறது. மினிடாப், ஆர் என்ற புள்ளியியல் மென்பொருள்களில் அது உண்டு. ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கை. வேலை போனவர்கள்மேல் உள்ள பரிவில் "பார்த்தீர்களா, மனிதர்தான் மேல்" என்று துள்ளத் தோன்றும். எனக்கும் தோன்றியது. பைப் ஜாயின்ட்டில் அதே சோதனையைப் போட்டால் இசட் 1.13-தான். வித்தியாசத்தின் 95 சதவீத இடைவெளி, ரோபோ 1 சதவீதப் புள்ளி மேலாக இருப்பதிலிருந்து 3.3 புள்ளி மோசமாக இருப்பது வரை நீள்கிறது. அதாவது 400 பீஸை வைத்து எதுவும் சொல்ல முடியாது. "ரோபோ மேல் என்று நிரூபணமாகவில்லை" என்பதும் "கை மேல்" என்பதும் ஒன்றல்ல. அறிக்கையில் முதலாவதை மட்டும்தான் எழுதினேன். அதை எழுதும்போது இருந்த ஏமாற்றத்தையும் மறைக்கவில்லை.

பாகவாரியாகப் பிரித்ததோடு நின்றிருந்தால் பாதிக் கதைதான் தெரிந்திருக்கும். மீதியைச் சொன்னவர் மேனுவல் பூத்தில் பல வருடமாக நிற்கும் ஒரு வெல்டர். "அண்ணே, உங்க பூத்துல திங்கட்கிழமை மட்டும் குறை ஏன் ஏறுது?" என்று கேட்டேன். "சார், கேப் விட்ட பீஸை ரோபோ ஆபரேட்டர் ஒதுக்கி வெச்சிடுவான். வாரக் கடைசியில சேர்ந்தது எல்லாம் திங்கட்கிழமை எங்க டேபிளுக்கு வரும். அதை நாங்க நிரப்பித் தர்றோம். அடைச்சும் ஓட்டை விழுந்தா எங்க கணக்குதானே?" என்றார். கணக்கில் எங்கேயும் இல்லாத தகவல் இது. தகட்டை அழுத்திப் பாகமாக்கும் பிரஸ் ஷாப்பில் டை (அச்சு) தேய்ந்திருந்தால் இரண்டு பாகத்துக்கும் நடுவே இடைவெளி கூடும். ரோபோவின் கை 0.1 மில்லிமீட்டருக்குள் அதே இடத்துக்குத் திரும்பி வரும். ஆனால் சீம் அதே இடத்தில் இருக்க வேண்டுமே. 1.2 மில்லிமீட்டர் கம்பி ஓட்டினால் சீம் கம்பியின் பாதி விட்டத்துக்குள், அதாவது 0.6 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது வெல்டிங் ஆட்களின் வழக்கமான அளவு. அதைத் தாண்டினால் சாதாரண ரோபோ காற்றில் போட்டுவிட்டுப் போகும். மனிதர் கம்பியும் வாயுவும் வரும் வெல்டிங் டார்ச்சைச் சற்று ஆட்டி, வேகத்தைக் குறைத்து, நிரப்புவார். ஆக ரோபோவுக்கு நல்ல பீஸ் மட்டும், மனிதருக்கு எஞ்சியது. ஒப்பிடும் முன் ரோபோ செல் வாசலில் ஒதுக்கப்படும் பீஸ்களை ஒரு வாரம் எண்ணுங்கள். அந்தத் தொட்டியை எந்த ரிஜிஸ்டரும் காட்டாது. நின்று பார்த்தால்தான் தெரியும்.

அடுத்தது, குறை என்று எதை எண்ணுகிறோம் என்பது. கை வெல்டர் பீடில் (உருகி உறைந்த வெல்டிங் கோட்டில்) ஒரு துளையைக் கண்டால் அங்கேயே ஆர்க்கை அடித்து மூடிவிட்டு அடுத்த பீஸுக்குப் போவார். அது எங்கும் பதிவாகாது. ரோபோ செல்லிலும் பக்கத்தில் கையால் வெல்டிங் போட ஒரு மிக் டார்ச் தொங்கும். லோடிங் செய்யும் ஆபரேட்டர் கண்ணில் பட்டதைத் தொட்டுவிட்டு ட்ரேயில் வைப்பார். அதுவும் பதிவாகாது. எங்கள் பழைய கணக்கில் ரோபோ பீஸ்களை டச்-அப்புக்குப் பிறகு எண்ணியிருந்தார்கள். கை பீஸ்களை, வெல்டர் கையிலிருந்து வந்ததும் இன்ஸ்பெக்டர் எடுத்து எண்ணியிருந்தார். ஒன்று, இரண்டையும் டச்-அப்புக்கு முன்னால் எண்ணுங்கள். இல்லை, இரண்டையும் பின்னால் எண்ணி டச்-அப் நேரத்தைத் தனியாக எழுதுங்கள். முன்னால் எண்ணுவது என்று முடிவு செய்தால், தொட்ட இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போடச் சொன்னால் போதும். ஆனால் இன்சென்டிவ் குறை எண்ணிக்கையோடு கட்டியிருந்தால் யாரும் கோடு போட மாட்டார்கள், போடவும் கூடாது. சோதனை நடக்கும் வரை இன்சென்டிவ் வெட்டு கிடையாது என்று பிளான்ட் ஹெட் வாயால் ஷாப் ஃப்ளோரில் சொல்ல வைத்த பிறகுதான் எங்களுக்கு உண்மை எண் கிடைத்தது. கூடவே, பீஸ் கணக்கா சீம் கணக்கா என்பதையும் முதலிலேயே முடிவு செய்யுங்கள். எட்டு சீம் உள்ள பாகமும் இரண்டு சீம் உள்ள பாகமும் "ஒரு பீஸ்" என்று சமமாக எண்ணப்பட்டால் எட்டு சீம் செய்பவர் தோற்றுக்கொண்டே இருப்பார்.

இன்ஸ்பெக்டர்களைப் பற்றி. ஒரே பீஸை இரண்டு பேரிடம் கொடுத்துப் பார்க்காமல் எந்தக் குறை விகிதத்தையும் நம்பாதீர்கள். 100 பீஸ் எடுங்கள். நல்லது, கெட்டது, சந்தேகமானது எல்லாம் கலந்து இருக்க வேண்டும். நம்பர் போட்டு இரண்டு இன்ஸ்பெக்டர்களிடமும் தனித்தனியாகக் கொடுங்கள். ஒருவர் 20-ஐக் குறை என்று கழித்தார், மற்றவர் 24-ஐக் கழித்தார், இருவரும் சேர்ந்து கழித்தது 15, இருவரும் ஏற்றது 71 என்று வைத்துக்கொள்வோம். ஒத்துப்போனது 86, கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அதே விகிதத்தில் கழித்திருந்தாலே 65.6 ஒத்துப்போயிருக்கும். மீதமுள்ள 34.4-இல் இவர்கள் சம்பாதித்தது 20.4, வகுத்தால் 0.59. இதற்குக் கப்பா என்று பெயர், 1960-இல் ஜேக்கப் கோஹன் தந்தது. வாகனத் துறையில் 0.75-க்கு மேல் இருந்தால்தான் நன்றாக ஒத்துப்போகிறது என்று எடுத்துக்கொள்கிறோம். 0.59 உள்ள கண்களை வைத்து 1 சதவீதத்துக்கும் 2 சதவீதத்துக்கும் வித்தியாசம் தேடுவது வீண் வேலை. லிமிட் சாம்பிள் போர்டு வைத்து, எவ்வளவு பெரிய துளை வரை ஏற்பது, அண்டர்கட் (வெல்டிங் ஓரத்தில் விழும் பள்ளம்) எவ்வளவு ஆழம் வரை ஏற்பது என்று கையில் தொட்டுப் பார்க்கும்படி மாட்டிய பிறகு எங்கள் எண் ஏறியது. இன்னொரு சிக்கல், ரோபோ பீடைப் பார்த்ததுமே தெரிந்துவிடும். சீரான அலை, ஒரே அகலம். அழகாக இருப்பதை ஏற்றுக்கொள்ள இன்ஸ்பெக்டரின் மனம் தயாராகவே இருக்கிறது. பெயரை மறைத்தாலும் பீடை மறைக்க முடியாது.

எங்களுக்கு ஆறேழு லட்சத்தைத் தின்றது அந்த அழகுதான். வாடிக்கையாளரிடம் பிரிந்த பைப் ஜாயின்ட்டைக் கொண்டுவந்து வெட்டிப் பார்த்தோம். மேலே பார்க்க மாசு மருவில்லை. குறுக்கே அறுத்து, எமரி பேப்பரில் படிப்படியாகத் தேய்த்து, ஆல்கஹாலில் நைட்ரிக் அமிலம் கலந்த நைட்டாலைப் பஞ்சால் தடவினால் சில நொடிகளில் வெல்டின் எல்லை கருமையாக எழும். பீடு முழுக்கத் தகட்டின் பக்கம் உட்கார்ந்திருந்தது. பைப்பின் பக்கம் ஒட்டிக்கொண்டிருந்ததே தவிர உருகிச் சேரவில்லை. டார்ச் எங்கோ இடித்திருக்கிறது, முனை ஒரு மில்லிமீட்டருக்கு மேல் நகர்ந்திருக்கிறது, யாரும் கூர் ஊசியில் வைத்து முனையைச் சரிபார்க்கவில்லை. கை வெல்டரிடமும் பெனட்ரேஷன் (உள்ளே உருகிச் சேரும் ஆழம்) குறையும். ஆனால் அங்கே பீடு கோணலாக, மேடாக, ஏதாவது ஒரு அறிகுறியோடு இருக்கும், கண் பிடித்துவிடும். ரோபோ அதே நிறத்தில், அதே அகலத்தில், தவறான இடத்தில் போடும். எனவே கண் சோதனையை மட்டும் வைத்து இரண்டையும் ஒப்பிட்டால் ரோபோவுக்குச் சாதகமாகவே முடியும். ஷிஃப்ட் தொடக்கம், நடு, முடிவு என்று இரண்டு தரப்பிலும் தலா ஒரு பீஸ் வெட்டுங்கள். டார்ச் இடித்தாலோ, கம்பி வெளிவரும் அதன் டிப்பை மாற்றினாலோ கூடுதலாக ஒன்று. வெட்டும் பீஸ் ஸ்கிராப்தான், அந்தச் செலவைப் பட்ஜெட்டில் முதலிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள். பிறகு கேட்டால் கிடைக்காது.

இனி நான் முக்கியமாகக் கருதுவது. மனிதக் குறை சிதறி வரும், ரோபோ குறை கொத்தாக வரும். மனிதருக்கு அங்கே ஒன்று, இங்கே ஒன்று: வியர்வை கண்ணில் இறங்கியது, பக்கத்தில் யாரோ கூப்பிட்டார்கள், கை சற்று நடுங்கியது. ரோபோவுக்குக் காண்டாக்ட் டிப்பின் ஓட்டை நீள்வட்டமாகத் தேய்ந்தால் கம்பி ஒரு பக்கம் சாயும். யாராவது பார்த்து நிறுத்தும் வரை எல்லாப் பீஸும் அதே குறையோடு வரும். நாசிலுக்குள் ஸ்பேட்டர் (தெறித்த உலோகத் துளிகள்) அடைத்தால் வெல்டிங்கைக் காக்கும் வாயு சரியாகப் பாயாது, போரோசிட்டி (வெல்டிங்கில் நுண்துளைகள்) வரிசையாக வரும். பாகத்தைப் பிடித்து வைக்கும் ஃபிக்ஸரில் ஒரு சிப் (உலோகத் துணுக்கு) சிக்கினால் கிளாம்ப் முழுசாக உட்காராது. எங்கள் 400 பைப் ஜாயின்ட்டில் வந்த 18 குறையில் 11 ஒரே அரை ஷிஃப்டில் அடுத்தடுத்து வந்தவை. அதை எடுத்துவிட்டால் 389-க்கு 7, 1.8 சதவீதம், கையின் 3.4-ஐவிட நல்ல எண். ரோபோ விற்றவர் தரப்பு "அது ஒரு முறை நடந்தது, கழித்துவிடுங்கள்" என்றது. கழிக்கக் கூடாது. டிப் தேய்வது ரோபோவின் வாழ்க்கையில் ஒரு பகுதி, அது மறுபடி மறுபடி நடக்கும். ஆனால் எத்தனை நாளுக்கு ஒருமுறை நடக்கும் என்று ஒரே ஒரு கொத்தைப் பார்த்துச் சொல்லவும் முடியாது.

மேலே நான் போட்ட இசட் சோதனை, ஒவ்வொரு பீஸும் முந்தைய பீஸோடு தொடர்பில்லாமல் தானாக நல்லதாகவோ கெட்டதாகவோ ஆகிறது என்று நம்பிக்கொண்டு நடப்பது. கொத்தாக வரும்போது அந்த நம்பிக்கை உடைகிறது. 50 பீஸ் கொண்ட ட்ரே ஒன்றுக்குள் பீஸ்களுக்கு இடையே உள்ள ஒற்றுமை 0.1 என்று வைத்தால், 1 + 49 × 0.1 = 5.9 மடங்கு தகவல் கரைகிறது. 4,000 பீஸ் எண்ணினாலும் கையில் இருப்பது சுமார் 680 பீஸின் தகவல்தான். இதற்கு எளிய வழி, பீஸை அலகாக எடுக்காமல் அரை ஷிஃப்டை அலகாக எடுப்பது. ஒவ்வொரு அரை ஷிஃப்டின் குறை விகிதத்தையும் ஒரு புள்ளியாக வைத்து, ரோபோவின் புள்ளிகளையும் கையின் புள்ளிகளையும் ஒப்பிடுங்கள். அப்போது ஐயாயிரம் பீஸ் இருக்கிறதா என்ற கேள்வி போய், நாற்பது ஐம்பது அரை ஷிஃப்ட் இருக்கிறதா என்ற கேள்வி வரும். அதுதான் சரியான கேள்வி.

அந்தப் புள்ளிகளை ஒரு பி-சார்ட்டில் (குறை விகிதத்தை எல்லைக் கோட்டோடு வரிசையாகக் காட்டும் வரைபடம்) போட்டுவிட்டால் பாதி விவாதம் தானாகவே அடங்கும். 1924-இல் வால்டர் ஷூஹார்ட் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக்கில் தொடங்கி வைத்த கன்ட்ரோல் சார்ட் வகைதான் இது. 200 பீஸ் கொண்ட ஷிஃப்ட், சராசரிக் குறை 1.5 சதவீதம் என்றால் மேல் எல்லை 0.015 + 3 × 0.0086, அதாவது 4.1 சதவீதம். 200-க்கு 8 குறை வந்தால் வழக்கமான ஆட்டம், 9 வந்தால் ஏதோ நடந்திருக்கிறது, போய்ப் பார். எங்கள் கை வெல்டிங் சார்ட் எல்லைக்குள் மேலும் கீழும் ஆடியது. ரோபோ சார்ட் பல நாள் தரையோடு கிடந்துவிட்டு, திடீரென்று எல்லையைத் தாண்டிக் குதித்தது. இரண்டின் சராசரியும் ஏறத்தாழ ஒன்றாக இருக்கலாம், ஆனால் செய்ய வேண்டிய வேலை வேறு. அப்படிக் குதிக்கும் ரோபோவுக்கு டிப் மாற்றும் இடைவெளியைக் குறைத்து, நாசில் கிளீனிங்கை நிரலில் சேர்த்து, கிளாம்ப் உட்கார்ந்ததா என்று பார்க்கும் சென்சார் போட்டால் கொத்துகள் போய்விடும். சிதறி வரும் குறைக்கு அப்படி ஒரு ஸ்விட்ச் கிடையாது. பயிற்சி, வெளிச்சம், உட்காரும் உயரம், ஓய்வு என்று பல பக்கமும் பார்க்க வேண்டும். எங்கள் ஷாப்பில் மே மாதத்தில் கை வெல்டிங் போரோசிட்டி ஏறுவதற்குக் காரணம் வெல்டர்கள் இல்லை, பூத்துக்குள் நேராக அடித்த பெடஸ்டல் ஃபேன். 80-க்கு 20 ஆர்கான், கார்பன் டை ஆக்சைடு கலவை நிமிடத்துக்குப் பதினைந்து லிட்டர் போனாலும் ஃபேன் காற்று அதைத் தள்ளிவிடும். ஆளை வெயிலில் வேகவும் விட முடியாது. மேலிருந்து இறங்கும் மென்மையான காற்றுக் குழாய் போட்டதும் குறை இறங்கியது. இதை "மனிதக் குறை" என்று எழுதியிருந்தார்கள் என்பது இன்றும் எனக்குக் கோபம் வரும் விஷயம்.

"மனிதர்" என்று ஒரே பெட்டியில் போடுவதும் அப்படித்தான். பூத்தில் பத்து வருட அனுபவம் உள்ளவரும் இருப்பார், ஐ.டி.ஐ. முடித்து வந்த அப்ரென்டிஸும் இருப்பார். இருவருக்கும் நடுவே உள்ள வித்தியாசம், மனிதருக்கும் ரோபோவுக்கும் நடுவே உள்ளதைவிடப் பெரிதாக இருப்பது சகஜம். தீபாவளி, சத் பூஜை நேரத்தில் வட மாநிலத் தொழிலாளர்கள் ஊருக்குப் போவார்கள். பொங்கலுக்கு உள்ளூர் ஆட்கள். அந்த வாரங்களில் கை வெல்டிங் குறை ஏறினால் அது யார் நின்றார்கள் என்பதைக் காட்டுகிறது. ஆள்வாரியாக எழுதுங்கள், ஆனால் பெயர் போடாமல் குறியெண் போடுங்கள். அந்தப் பட்டியல் ஹெச்.ஆர். கைக்குப் போனால் அடுத்த முறை யாரும் உங்களோடு பேச மாட்டார்கள்.

விற்க வருபவர்கள் காட்டும் டெமோவைப் பற்றி ஒரு சின்னக் கணக்கு மட்டும் மனதில் வையுங்கள். குறையே இல்லாமல் ஓடினால் 3-ஐ பீஸ் எண்ணிக்கையால் வகுங்கள்; அதுதான் 95 சதவீத மேல் எல்லை. டெமோவில் 50 பீஸ், குறை பூஜ்யம் என்றால் உண்மைக் குறை 6 சதவீதம் வரை இருக்கலாம். 1 சதவீதத்துக்குக் கீழே என்று சொல்ல 300 பீஸ் குறையில்லாமல் வேண்டும். 2 சதவீதத்தையும் 1 சதவீதத்தையும் பிரித்துக் காட்ட, அதுவும் 80 சதவீத வாய்ப்போடு காட்ட, ஒரு தரப்புக்குச் சுமார் 2,300 பீஸ் வேண்டும். 1 சதவீதத்தையும் 0.8-ஐயும் பிரிக்க 35,000. இது பீஸ்கள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் இருந்தால். கொத்தாக வந்தால் இன்னும் பல மடங்கு. எவ்வளவு என்பதைச் சோதனைக்கு முன்பே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். தினமும் எட்டிப் பார்த்து, பிடித்த எண் வந்த அன்று "போதும்" என்று நிறுத்துவது பலரும் அறியாமலே செய்வது. அப்படி நிறுத்தினால் 5 சதவீதம் என்று நினைத்த தவறு வாய்ப்பு பல மடங்காகிவிடும். இதற்கு எதிர்ப்பக்கமாக, 2018-இல் ஈலான் மஸ்க் டெஸ்லாவில் அளவுக்கு மீறித் தானியங்கி மயமாக்கியது தவறு என்று ஒப்புக்கொண்டதை எங்கள் கூட்டத்தில் ஒருவர் எடுத்துப் போட்டார். அது உண்மைதான், ஆனால் உங்கள் பைப் ஜாயின்ட்டைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

கடைசியில் நாங்கள் நடத்திய ஒப்பீடு இப்படி. ஒரே காயிலிலிருந்து (தகட்டுச் சுருள்) அடித்த பாகங்களை ஒரே தொட்டியில் போட்டோம். ஒவ்வொரு பாகத்தையும் ஃபிக்ஸரில் வைத்து ஃபீலர் கேஜால் இடைவெளி அளந்து, 0.5-க்குக் கீழ், 0.5 முதல் 1 வரை, 1 மில்லிமீட்டருக்கு மேல் என்று மூன்றாகப் பிரித்தோம். ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் பாகத்தின் வரிசை எண் ஒற்றைப்படை என்றால் ரோபோ, இரட்டைப்படை என்றால் கை. ரோபோ ஆபரேட்டர் எதையும் ஒதுக்கக் கூடாது. ஒதுக்கத் தோன்றினால் எழுதிவிட்டுப் போட வேண்டும். ஒரே ஷிஃப்டில் இரண்டும் ஓடின. வெல்டர்கள் சுழற்சியில் மாறினார்கள். எக்செல்லில் ஒரு பீஸுக்கு ஒரு வரி: தேதி, ஷிஃப்ட், அரை ஷிஃப்ட், காயில் நம்பர், இடைவெளிப் பிரிவு, ரோபோவா கையா, வெல்டர் குறியெண், டிப் போட்டு எத்தனையாவது பீஸ், டச்-அப் உண்டா, குறை வகை, எந்த சீம். டிப் எண்ணிக்கைக் கட்டம்தான் பிறகு அதிகம் பயன்பட்டது. கொத்துகள் எங்கே தொடங்குகின்றன என்பதை அது காட்டிக்கொடுத்தது. உற்பத்தி மேனேஜருக்கு இதில் பொறுமை இல்லை, அளவெடுக்கும் நேரம் லைனை இழுத்தது, தினமும் சண்டை. அதில் அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு டிஸ்பாட்ச் நெருக்கடி.

முடிவு ஒரு பக்கமாக வரவில்லை. 0.5-க்குக் கீழ் இடைவெளி உள்ள பீஸ்களில் ரோபோ தெளிவாக மேல். நடுப்பிரிவில் பிரித்துச் சொல்ல முடியவில்லை. 1 மில்லிமீட்டருக்கு மேல் கை தெளிவாக மேல், வெட்டுச் சோதனையிலும் அப்படியே. அப்படியானால் செலவு செய்ய வேண்டிய இடம் பிரஸ் டை. டையைத் தீட்டிச் சரிசெய்ய ஆன செலவு, இரண்டாவது ரோபோ செல்லின் விலையில் ஒரு சிறு பங்கு. அது முதலில் நடந்திருந்தால் டெபிட் நோட்டும் வந்திருக்காது, பலருடைய வேலையும் போயிருக்காது. பைப் ஜாயின்ட் மறுபடி மேனுவல் பூத்துக்கு வந்தது. அனுப்பப்பட்டவர்களில் சிலரைத் திரும்ப அழைத்தார்கள், மற்றவர்கள் வேறு இடம் பார்த்துப் போய்விட்டார்கள். இரவு ஷிஃப்டை நாங்கள் ஒப்பிடவே இல்லை. அப்போது மேனுவல் பூத் ஓடாது, ரோபோ மட்டும்தான் ஓடும். ஆகவே அறிக்கையின் முதல் பக்கத்திலேயே, இந்த முடிவு பகல் இரண்டு ஷிஃப்டுக்கும் அந்த ஒரு காயில் தடிமனுக்கும் மட்டுமே பொருந்தும் என்று எழுதி, பிளான்ட் ஹெட், உற்பத்தி, தரம் மூன்று பேரும் அதன் கீழேயே கையெழுத்துப் போடும்படி வைத்தோம்.